உங்க பாடு, எங்க பாடு

ஞாயித்துக்கிழமை விடியக்காலையில திருவொற்றியூர்ல இருந்து எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேயில வண்டியை விட்டுப் பாருங்க. வலது கைப்பக்கம் கடல். நடுநடுவுல கருங்கல்லைக் கொட்டி கடலுக்குள்ள நீட்டி வெச்சிருப்பாங்க. அலை கரையை அரிச்சுட்டுப் போகாம இருக்கக் கட்டினது. அதுக்கு பேரே தூண்டில் வளைவு. பேருக்கு ஏத்த மாதிரி அந்தக் கல்லுங்க மேல யாராவது ஒருத்தர் தூண்டிலோட உக்காந்திருப்பார். அப்படியே வடக்கே போனா முகத்துவாரம். கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற இடம். அங்க கூட்டம் இன்னும் அதிகம்.

கொஞ்ச நேரம் நின்னு பாத்தா, ஒரே தண்ணியில எத்தனை விதமான ஆளுங்க மீன் பிடிக்கிறாங்கன்னு புரியும். ஆன்லைன்ல வாங்கின ராடு, ஸ்பின்னிங் ரீல், பிளாஸ்டிக் மீன் மாதிரி இருக்கிற லூர், கூலிங் கிளாஸ்னு ஐ.டி. கம்பெனி அண்ணன்கள் ஒரு பக்கம். வாட்டர் பாட்டில்ல நைலான் நரம்பைச் சுத்தி, முனையில ஈயம் கட்டி, இறால் துண்டை மாட்டி வீசுற பெரியவர்கள் ஒரு பக்கம். தண்ணிக்குள்ள படகுல வலை விடுறவங்க. சேத்துல இறங்கி, குனிஞ்சு, கையாலயே தடவி இறால் எடுக்கிற பெண்கள். பின்னாடி அனல் மின் நிலையத்தோட புகைபோக்கி.

இவங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் எப்படி வழி விட்டுக்கணும்? இதைப் பத்தித்தான் எழுதணும்னு தோணுச்சு. "இதுல எழுத என்னடா இருக்கு, அட்ஜஸ்ட் பண்ணிக்க வேண்டியதுதானே"ன்னு எடிட்டோரியல் டீம்ல ஒருத்தன் கேட்டான். அட்ஜஸ்ட் பண்றது யாருங்கிறதுதான் இங்க கேள்வியே.

முதல்ல ஒரு வார்த்தை. பாடு. நம்ம பேச்சுல இதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. "படாத பாடு பட்டேன்"னா கஷ்டம். "அவன் பாட்டுக்குப் போறான்", "உன் பாட்டை நீ பாரு"ன்னா உன் வேலையை மட்டும் பாரு, அடுத்தவன் விஷயத்துல தலையிடாதேன்னு அர்த்தம். ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு இந்த ரெண்டுதான் தெரியும். எண்ணூர், பழவேற்காடு பக்கம் மூணாவதா ஒண்ணு இருக்கு. அங்க பாடுன்னா முறை. "இன்னிக்கு எங்க பாடு"ன்னு ஒருத்தர் சொன்னா, இன்னிக்கு இந்த இடத்துல மீன் பிடிக்கிற முறை எங்களோடதுன்னு அர்த்தம்.

பழவேற்காடு ஏரியில இது ரொம்ப காலமா இருக்கிற ஏற்பாடு. ஏரி முழுக்க ஒரே மாதிரி மீன் கிடைக்காது. கடலோட சேர்ற வாய்க்குப் பக்கத்துல, நீரோட்டம் ஓடுற வழியில, இறால் நிறைய வரும். மத்த இடங்கள்ல கம்மி. யார் முதல்ல வந்தாரோ அவருக்கே நல்ல இடம்னு விட்டா தினமும் அடிதடிதான். அதனால ஊர் கூடி சீட்டு எடுப்பாங்க. எந்த நாள் யாருக்கு எந்த இடம்னு முறை வகுத்துக்குவாங்க. இன்னிக்கு நல்ல இடம் கிடைச்சவருக்கு இன்னொரு நாள் சுமாரான இடம் வரும். சுத்திச் சுத்தி எல்லாருக்கும் எல்லாம் வரும். கொச்சி காயல்ல குச்சி நட்டு வலை கட்டுறவங்க மத்தியிலயும் இதே பாடுதான், பேரும் பாடுதான். இலங்கையில நீர்கொழும்பு களப்புலயும் சீட்டுப் போட்டு இடம் பிரிக்கிற வழக்கம் உண்டு.

நம்ம டிபார்ட்மென்ட் ஆளுங்களுக்கு இது உடனே புரியும். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பர்ல 16 மார்க்குக்கு எழுதினோமே, ரவுண்ட் ராபின் ஷெட்யூலிங், அதேதான். ஒரு பிராசஸ் சி.பி.யு.வைப் பிடிச்சுக்கிட்டு விடாம இருக்கக் கூடாது, ஆளுக்குக் கொஞ்ச நேரம், முடிஞ்சதும் க்யூவோட கடைசிக்குப் போ. நாம ஸ்லைடுல படிச்சதை அவங்க சேத்துல நின்னு செஞ்சுக்கிட்டு இருக்காங்க.

இது நம்ம ஊர் விசித்திரம்னு நினைக்க வேண்டாம். துருக்கியில அலன்யான்னு ஒரு கடலோர ஊர். சுமார் 100 மீனவர்கள். 1970கள்ல நல்ல இடத்துக்காக அங்கேயும் சண்டை. கடைசியில அவங்களே உக்காந்து ஒரு பட்டியல் போட்டாங்க. செப்டம்பர்ல சீட்டு எடுத்து ஆளுக்கு ஒரு இடம். அதுக்கப்புறம் ஜனவரி வரைக்கும் தினமும் ஒரு இடம் கிழக்கே நகரணும், ஜனவரியில இருந்து மே வரைக்கும் மேற்கே நகரணும். அடுத்தவன் முறையை யாராவது திருடினா, அந்த இடத்துக்கு அன்னிக்கு உரிமைக்காரன் கண்டிப்பா வந்து நிப்பான், அதனால தனியா போலீஸ் எதுவும் வேண்டியதில்லை. பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009ல முதல் பெண்ணா வாங்கின எலினோர் ஆஸ்ட்ரம், 1990ல எழுதின புத்தகத்துல இந்த ஊரை ஒரு உதாரணமா எடுத்துக்காட்டியிருக்காங்க. பொதுச் சொத்துன்னா எல்லாரும் சுரண்டி அழிச்சுடுவாங்க, ஒண்ணு அரசாங்கம் எடுத்துக்கணும், இல்ல தனியார்கிட்ட குடுக்கணும்னு சொல்லிட்டு இருந்தவங்களுக்கு அது ஒரு பதில்.

பொழுதுபோக்குக்காகப் பிடிக்கிறவங்க மத்தியிலயும் முறை உண்டு. இங்கிலாந்துல தூண்டில் போட்டி நடத்தினா, கரையில வரிசையா நம்பர் போட்ட முளைக்குச்சி நட்டிருப்பாங்க. காலையில பைக்குள்ள கைவிட்டு நம்பர் எடுக்கணும். வந்த நம்பர்ல உக்காரணும், அவ்வளவுதான். அமெரிக்காவுல ரே ஸ்காட்ங்கிறவர் 1967ல ஆர்கன்சாஸ் மாநிலத்துல பீவர் ஏரியில 'பாஸ்'ங்கிற மீனுக்குப் போட்டி நடத்தினார். இன்னிக்கு அது டிவியில ஒளிபரப்பாகிற பெரிய விளையாட்டு. அந்த சங்கத்தோட போட்டிகள்ல ஒரு விதி இருக்கு: ஒரு போட்டியாளர் முதல்ல வந்து நங்கூரம் போட்டு நின்னுட்டா, இன்னொரு போட்டியாளர் 50 கஜத்துக்குள்ள வந்து மீன் பிடிக்கக் கூடாது. பிடிச்ச மீனை உயிரோட திரும்ப விடணும்ங்கிறதையும் ஸ்காட் 1972ல கொண்டு வந்தார்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்த 50 கஜம் ஒரு போட்டியாளருக்கும் இன்னொரு போட்டியாளருக்கும் நடுவுலதான். ஆனா அந்த ஏரிகள் பொது ஏரிகள். அதே காலையில பேரனைக் கூட்டிக்கிட்டு சின்னப் படகுல வந்திருக்கிற ஒரு தாத்தாவும் அங்கே இருப்பார். 250 குதிரைசக்தி மோட்டார் மாட்டின போட்டிப் படகு அவரைத் தாண்டிப் போறப்ப எழுற அலையில அவர் படகு ஆடும். அவருக்கு விதிப்புத்தகத்துல இடமில்ல, ஏன்னா அவர் போட்டியில இல்ல. அவருக்குக் கிடைக்கிறது ஓட்டுறவரோட மனசுல இருக்கிற மரியாதை மட்டும்தான். அது இருந்தா வேகத்தைக் குறைப்பார், சுத்திப் போவார்.

பாடு, முளைக்குச்சி, 50 கஜம் எல்லாமே பட்டியல்ல பேர் இருக்கிறவங்களுக்கான ஏற்பாடு. பட்டியல்ல இல்லாத ஆள் எதிர்ல வந்தா என்ன பண்றோம்ங்கிறதுலதான் விஷயம் இருக்குன்னு எனக்கு இப்ப தோணுது. எண்ணூர்ல ஒரு காலையில இதைக் கண்ணால பாத்தேன்.

போன வருஷம் ஒரு வாட்ஸ்அப் குரூப்காரங்க சின்னதா ஒரு போட்டி வெச்சாங்க. ஆளுக்கு 200 ரூபாய். காலை 6 மணியில இருந்து 10 மணி வரைக்கும். பெரிய கொடுவா பிடிச்சவருக்கு ஒரு புது ரீல். மொத்தம் 14 பேர், எங்க காலேஜ் பசங்களும் மூணு பேர். நான் போட்டியில இல்ல. எங்க மாமாவோட போயிருந்தேன். அம்மாவோட தம்பி, கன்டெய்னர் யார்டுல வேலை, லீவு நாள்ல பாட்டில் நரம்புதான் அவருக்கு உலகம்.

எட்டு மணி வாக்குல ஒரு படகு வந்துச்சு. ரெண்டு பேர். 14 ராடுல இருந்தும் லைன் குறுக்க மறுக்க தண்ணிக்குள்ள கிடந்துச்சு. முன்னாடி நின்ன பெரியவர் கையைத் தூக்கி, "தம்பி, கொஞ்சம் நரம்பை இழுத்துக்கோங்க. இன்னிக்கு எங்க பாடு"ன்னார்.

போட்டிக்கு வந்த பையன் ஒருத்தன் திரும்பிக் கத்தினான்: "உங்க பாட்டை நீங்க பாருங்கண்ணே, எங்க பாட்டை நாங்க பாக்குறோம்."

ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. அவன் திமிர்ல சொன்ன மாதிரி எனக்குத் தெரியல. அந்த வார்த்தைக்கு அவனுக்குத் தெரிஞ்ச அர்த்தம் அதுதான். பெரியவர் எதுவும் பேசல. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு நின்னார்.

மாமா தன்னோட நரம்பைச் சுத்திக்கிட்டே அந்தப் பையன்கிட்ட போனார். "தம்பி, அவர் சொல்ற பாடு வேற. இந்த இடம் அவங்களுக்கு முறைப்படிதான் வரும். இன்னிக்கு விட்டா திரும்ப சுத்தி வரணும். உனக்கு அடுத்த ஞாயிறு இருக்கு."

"புரியுதுண்ணா, ஆனா ஆறு யாருக்கும் சொந்தமில்லையே? நாங்களும் ஒரு ஓரமாத்தானே நிக்கிறோம். போட்டி டைம் வேற ஓடுது."

பாதிப் பேர் லைனை இழுத்துக்கிட்டாங்க. மீதிப் பேர் இழுக்கல. பெரியவர் கொஞ்ச நேரம் பாத்துட்டு, படகைத் திருப்பி, கீழே தள்ளி வேற இடத்துல வலையை விட்டார். கைகலப்பு இல்ல, கெட்ட வார்த்தை இல்ல. அதனால அங்க ஒரு பிரச்னை நடந்துச்சுன்னே நிறைய பேருக்குத் தெரியல. போட்டி 10 மணிக்கு முடிஞ்சுது. கொடுவா யாருக்கும் மாட்டல, ஒரு மடவைக்குப் பரிசு குடுத்தாங்க.

அந்தப் பையன் கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான். ஆறு யாருக்கும் சொந்தமில்ல. திட்டுறதுக்கு நாம உபயோகிக்கிற 'புறம்போக்கு'ங்கிற சொல்லே யாரோட பட்டாவுலயும் இல்லாத பொது இடத்தைக் குறிக்கிறதுதான். 2017ல டி.எம். கிருஷ்ணா பாடின 'சென்னை புறம்போக்கு பாடல்' வீடியோவை எண்ணூர்லயே எடுத்தாங்க, நிறைய பேர் பாத்திருப்பீங்க. பொது இடத்துல நிக்க எனக்கு உரிமை இருக்குன்னு அவன் சொன்னது தப்பில்ல. ஆனா பொதுன்னா யாரும் எதுவும் ஏற்கெனவே பேசி வெக்காத இடம்னு அவன் நினைச்சுட்டான். அந்தத் தண்ணியில கண்ணுக்குத் தெரியாத ஒரு டைம் டேபிள் ஓடுது. போர்டு கிடையாது, ஆப் கிடையாது. ஒரு பெரியவர் கையைத் தூக்கிச் சொல்றதுதான் அதோட ஒரே நோட்டிபிகேஷன்.

இன்னொண்ணு, ரெண்டு பேரும் சரிசமமா நஷ்டப்படல. பையன் லைனை இழுத்திருந்தா கால் மணி நேரம் போயிருக்கும். பெரியவருக்குப் போனது ஒரு முறை. ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கணும்னு பொதுவா சொல்றது ஈஸி. குறைவா இழக்கிறவர் முதல்ல விட்டுக்கொடுக்கணும்ங்கிறது என் கணக்கு.

தூண்டில் முள் விஷயம் இதை விட சீரியஸ். லூர்ல மாட்டியிருக்கிறது மூணு முனை இருக்கிற ட்ரெபிள் ஹூக். கல்லுல சிக்கினா நாம என்ன பண்றோம்? ரெண்டு இழுப்பு இழுத்துப் பாக்குறோம், வரலன்னா அறுத்து விட்டுடுறோம். நமக்கு 300 ரூபாய் நஷ்டம், அதோட மறந்துடுறோம். அந்த முள் தண்ணிக்குள்ளதான் கிடக்கு. வலையில மாட்டினா நைலான் கிழியும், இழுக்கிறவர் உள்ளங்கையிலும் ஏறும். இன்னும் மோசம், கையால இறால் தடவுறவங்களுக்கு. எண்ணூர், பழவேற்காடு பக்கம் இருளர் சமூகத்துப் பெண்கள் பனை ஓலையில முடைஞ்ச பறியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, ரெண்டு கையையும் சேத்துல விட்டுத் துழாவி இறால் எடுப்பாங்க. கலங்கின தண்ணியில கண்ணு உதவாது, விரல்தான் பாக்கணும். அந்த விரலுக்கு எதிர்ல நாம அறுத்து விட்ட முள் கிடக்கு. அவங்களை நாம நேர்ல பாக்கப்போறது கூட இல்ல. நாம காலையில போட்டுட்டு வந்தது, அவங்க சாயங்காலம் இறங்குறப்ப இருக்கும்.

இந்த இருளர் பெண்களைப் பத்திச் சொல்லும்போது பாடு முறையோட இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். அது பட்டியல்ல இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் நியாயம். பழவேற்காட்டுல அந்த உரிமை மரபா பட்டினவர் சமூகத்து ஊர்கள்கிட்ட இருந்துச்சு. எங்களுக்கும் பங்கு வேணும்னு மத்த ஊர்க்காரங்க கேட்டு தகராறுகளும் நடந்திருக்கு. ரவுண்ட் ராபின்ல ரெடி க்யூவுல இல்லாத பிராசஸுக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் சி.பி.யு. கிடைக்காது இல்லையா, அது மாதிரி. அதனால பாட்டை ஒரு பொற்காலக் கதையா நான் சொல்ல வரல. யார் பட்டியல்ல இருக்கணும்ங்கிறது எப்பவும் திரும்பத் திரும்பப் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். பாக் நீரிணை பக்கம் விசைப்படகுக்கு வாரத்துல 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள்னு பிரிச்சதும் மோதலுக்குப் பிறகு வந்த ஏற்பாடுதான். நம்ம காசிமேட்டுல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுங்க கட்டிக் கிடக்குமே, அது மீன் இனப்பெருக்கத்துக்குக் குடுக்கிற முறை. ஒரு வகையில மீனோட பாடு.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து எண்ணூர் ஆத்துல பரவினது நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பக்கிங்காம் கால்வாய் வழியா வந்து, கொசஸ்தலை ஆத்துல சேர்ந்து, முகத்துவாரம் வரைக்கும் கருப்பு. அலையாத்தி மரங்களோட வேர், படகு, வலை எல்லாத்துலயும் ஒட்டிக்கிச்சு. மீனவங்களே படகுல போய் எண்ணெயை அள்ளினாங்க. ரெண்டு வாரம் கழிச்சு அதே வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் வந்துச்சு: "எண்ணூர் அவுட். இந்த வாரம் முட்டுக்காடு." அதுல தப்பு எதுவும் இல்ல. பைக்ல ஒன்றரை மணி நேரம், வேற தண்ணி, வேற ஸ்பாட். ஆனா அந்த மெசேஜைப் படிச்சப்பதான் வித்தியாசம் எனக்கு முழுசா உறைச்சுது. நமக்கு அது ஸ்பாட், இல்லன்னா வேற ஸ்பாட். வலை வெச்சிருக்கிறவருக்கு முட்டுக்காட்டுல பாடு கிடையாது. அவர் முறை எந்தத் தண்ணியில இருக்கோ, அந்தத் தண்ணி நாறினாலும் அவருக்கு அதுதான். ஒரு இடத்தை விட்டு எழுந்து போக முடிஞ்சவங்க, போக முடியாதவங்களுக்கு வழி விடணும். எனக்குத் தெரிஞ்சு மரியாதைங்கிறதுக்கு இவ்வளவுதான் அர்த்தம்.

காலேஜ்ல மீன் பிடிக்கிற பசங்க நிறைய பேர் இருக்கீங்க, அதனால ப்ராக்டிக்கலாவே சொல்றேன். படகு வந்தா கேக்காமலே லைனை இழுங்க. போட்டி வெச்சா, படகு கடக்கிற நேரத்தை டைம்ல சேர்த்துக்கிட்டு கடைசியில கூட்டிக் குடுங்க, கிரிக்கெட்ல மழைக்கு நிறுத்துறோமே அப்படி. அப்ப "டைம் ஓடுது"ன்னு யாரும் சொல்ல வேண்டியிருக்காது. ட்ரெபிளுக்குப் பதிலா ஒத்தை முள் மாட்டலாம், முள்ளோட கொக்கியை பிளையரால அமுக்கி விட்டா மீனுக்கும் நல்லது, கைக்கும் நல்லது. சிக்கின லூரை எடுக்க முடியற வரைக்கும் எடுங்க, அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டு வாங்க. சின்ன மீனைத் திரும்ப விடுங்க. பக்கத்துல பாட்டில் நரம்போட உக்காந்திருக்கிற தாத்தாவைத் தாண்டி உங்க நீள ராடுல அவர் இடத்துக்கே வீசாதீங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு. அடுத்த போட்டிக்கு முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம், ரெண்டு பேர் குப்பத்துக்குப் போங்க. வலை பின்னிக்கிட்டு யாராவது உக்காந்திருப்பாங்க. "அண்ணே, நாளைக்கு யார் பாடு? நாங்க எந்தப் பக்கம் நின்னா உங்களுக்குத் தொந்தரவு இருக்காது?"ன்னு கேளுங்க. எந்தப் பக்கம் நிக்கலாம்னு சொல்லுவாங்க. எந்தத் தண்ணிக்குக் கொடுவா வரும்னும் சேத்துச் சொல்ல வாய்ப்பிருக்கு, அது எந்த யூடியூப் சேனல்லயும் கிடைக்காது. "நாளைக்கு வேணாம் தம்பி"ன்னு சொன்னாலும் சரி. அந்த ஞாயிறு நல்லா தூங்கி எழுந்திருக்கலாம். ஸ்டேட்டஸ்ல ஒரு மீன் போட்டோ கம்மியாகும், அவ்வளவுதான்.